கடைவாய்ப் பல்

அரையாண்டுத் தேர்வு, அறிவியல், பத்தாம் வகுப்பு ஆ பிரிவு.
நாற்பத்தியொரு தாள்கள்.
கட்டபெட்டில் மண் சரிந்து குன்னூர் பஸ் நின்றுவிட்டதால்
பல்லும் நானும் கோத்தகிரியிலேயே இருந்தோம்.

கிராம்பை ஈறோடு அழுத்திக்கொண்டு
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
பதினான்காவது தாள்வரை நான் திருத்தினேன்.
பிறகு பல் திருத்தியது.

அப்போது தெரியவில்லை.
கையெழுத்து என்னுடையதுதான்,
மதிப்பெண்ணை வட்டத்துக்குள் போட்டு
அடியில் இரண்டு கோடு இழுக்கும் பழக்கமும்.
ஆனால் முகுளத்தில் ளகரம் லகரமானதற்கு
அரை மதிப்பெண் பிடுங்குகிறவளா நான்?

யோகராணி, இருபதாவது தாள்.
படத்தில் சிறுமூளை கொஞ்சம் பெருத்துவிட்டது.
ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: கவனம் எங்கே?
பேனா அழுத்தத்தில்
அந்தக் கேள்விக்குறி அடுத்த பக்கத்திலும் இருந்தது.

மாலை, மிஷன் காம்பவுண்டுச் சரிவில்
ஒற்றைக் காட்டெருமை.
பத்தடி. அதன் மூச்சு ஆவியாகிக்
கலைவதுவரை பார்த்தேன்.
அட்ரினலின் எங்கே சுரக்கிறதென்று
பதினேழு வருடமாகச் சொல்லித்தருகிறேன்.
அந்த நேரம் கேட்டிருந்தால்
என் பெயரையே யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.
கால் பின்னால் போய்க்கொண்டிருந்தது,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.
குடை எப்போது விழுந்தது?

அவ்வளவு நேரமும் பல் வலிக்கவில்லை.
எருமை தேயிலைக்குள் இறங்கி மறைந்த பிறகு
வலி திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது,
பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனவர் மாதிரி.

மூன்றாம் நாள் பாதை திறந்தது.
பெட்ஃபோர்டு மாடியில் டாக்டர் மெர்லின்
பிடுங்கியதைப் பஞ்சில் வைத்துக் காட்டினார்.
உரித்த நிலக்கடலை அளவு.
இதுவா
இருபத்தேழு பிள்ளைகளோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றது?

திரும்பி வந்ததும்
ஆறின கஞ்சி ஒரு டம்ளர் குடித்துவிட்டு
பதினைந்தாவது தாளிலிருந்து மறுபடி எடுத்தேன்.
உதடு பாதி என்னுடையதில்லை.
ஜன்னலில் நான்கு நாள் கழித்து வெயில்.

யோகராணிக்கு மூன்று கூடியது.
அந்தச் சிறுமூளை இப்போது
வெண்ணெய்ப் பழத்தைப் பிளந்தது போல அழகாகக்கூட இருந்தது.
பெள்ளிராஜுக்கு ஐந்தரை.
பயத்தில் இதயத் துடிப்பு ஏன் கூடுகிறது என்பதற்கு
அவன் எழுதியது:
மிஸ் எங்க ஹட்டிக்குப் பின்னாடி கரடி வரும் அப்ப கூடும்.
அன்று பூஜ்யம்.
இன்று இரண்டுக்கு இரண்டு.

போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.
இது யார் கொடுத்தது, ஊசி மருந்தா, கஞ்சியா?

ஒரு சந்தேகத்தில்
முதல் பதினான்கையும் உருவிப் பார்த்தேன்.
அன்று காலை தங்கையின் போன்:
திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, அக்கா.
அந்தக் குரலின் சூட்டோடுதான் உட்கார்ந்தேன்.
ஒன்றாவது தாள், நான்காவது வினா:
நுரையீரல் செரிமானம் செய்கிறது.
அதற்கு டிக்.
பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வேறு.

அடித்தேன். பிறகு
நுரையீரலைக் கழித்து, சிரிப்பை மட்டும் விட்டேன்.

பதிவேடு நாளை பத்து மணிக்குள்
தலைமையாசிரியர் மேஜைக்குப் போக வேண்டும்.
உதட்டோரத்தில் எறும்பு ஊர்கிறது,
மரப்பு இறங்குகிறது.
நாக்கு போய்ப் போய் அந்தக் குழியைத் தொட்டு
இன்னும் காலிதான் என்று வந்து சொல்கிறது.

முப்பத்தொன்பது.
நாற்பது.
கையெழுத்தைப் பார், கோழி கிளறியது மாதிரி,
இவன் அப்பன் என்னதான் செய்கிறான்...

நிறுத்தினேன்.
எழுந்துபோய் மாத்திரையைத் தேடுகிறேன்.