ஆள் நிற்க இடம்

கோத்தகிரியில் வரப்போகும் ஆஸ்பத்திரிக்கு
இன்னும் ஒரு செங்கல் இறங்கவில்லை.
அதன் மொட்டைமாடியில் மூன்று நாளாக
நான் குடியிருக்கிறேன்,
அரவேனுவில் ஒரு வாடகை அறையில்,
காலடியில் ஹீட்டர், மடியில் கம்பளி.

அறுவை அரங்குக்குக் காற்றுத் தள்ளும் யூனிட்.
எடை எண்ணூற்று நாற்பது கிலோ.
ஒரு விரலால் தூக்கினேன்,
கிழக்கு மூலையில் வைத்தேன்.
கிரேன் இல்லை, கயிறு இல்லை,
பிடி, விடு, பார்த்து என்ற கத்தல் இல்லை.

திங்கட்கிழமை ஆர்க்கிடெக்ட் கூரையைத் தாழ்த்தினார்,
உயரக் கணக்கு உதைக்கிறதாம்.
கூரை இறங்கிற்று.
யூனிட் இறங்கவில்லை.
நான் அதைக் கூரையோடு கட்டாமல்
பழைய லெவலோடு கட்டியிருந்தேன்.
நானூற்றைம்பது மில்லிமீட்டர் அந்தரத்தில்
அப்படியே நின்றது,
காலடியில் தளம் போன சேதியை
யாரும் இன்னும் அதனிடம் சொல்லாத மாதிரி.

மென்பொருள் வாயே திறக்கவில்லை.
ஒன்றோடொன்று இடித்தால்தான் அதற்குத் தப்பு.
தொங்குவது தப்பில்லை.

இறக்கினேன்.
கோயம்புத்தூரிலிருந்து அஃப்ரோஸ் போன் செய்தாள்:
"டக்ட் இறங்குற இடத்துல பீம் இருக்கு,
ஓட்டை போட விடமாட்டேன்,
சி-ஐந்து தூணுக்கு மேல தள்ளு."
தள்ளினேன்.
கைப்பிடிச்சுவர் ஓரமாகப் போய் ஒண்டியது.
மோதல்கள்: இல்லை.
பச்சை எழுத்து.

ஃபில்டர் கதவு திறப்பது அந்தப் பக்கம்தான்.
கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம்.
அங்கே ஒன்றும் இல்லை,
அதனால் அங்கே எது வேண்டுமானாலும் வரலாம்.
வந்தும்விட்டது: வெந்நீர்க் குழாய் இரண்டு,
இடிதாங்கியின் பட்டை.

ஒரு பெட்டி வரைந்தேன்.
அகலம் தொள்ளாயிரம், உயரம் இரண்டாயிரம்,
உள்ளே எதுவும் இல்லாத,
கண்ணாடி மாதிரி மஞ்சள் பெட்டி.
பெயர் கேட்டது.
'ஆள்' என்று அடித்தேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே.
ஆள், குழாய்: மோதல்.
ஆள், கைப்பிடிச்சுவர்: மோதல்.
ஆள், இடிதாங்கி: மோதல்.
பதினொன்று, எல்லாம் சிவப்பில்.

குழாய் வரையும் பெர்னார்டு கேட்டான்,
"ஏங்க, ஒண்ணுமே இல்லாத இடத்துக்கா சண்டை?
யாருங்க அந்த ஆளு?"

எனக்கும் தெரியாது.
தெரிந்த ஒருவரை அழைத்தேன்.
போஜன், குன்னூரில் பழைய ஆஸ்பத்திரி யூனிட்டைப் பார்க்கிறவர்.
மாடியில்தான் இருந்தார், போன் முழுக்கக் காற்று.
தொள்ளாயிரம் போதுமா அண்ணா?
"ஜூன்லயா, ஜனவரியிலயா?"
சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார்.
"ஸ்வெட்டர், அதுக்கு மேல மழைக்கோட்டு,
முதுகுல டூல்ஸ் பை.
விரல் மடங்காதும்மா, ஸ்குரூ விழும்.
முழங்கால் போட்டுத் தேடணும்,
டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு.
அப்புறம், குரங்கு ஒண்ணு
வெதுவெதுப்புக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும்.
அது இறங்கி ஓட ஒரு வழி விடுங்க.
இல்லன்னா என் மேலதான் இறங்கும்."

ஆயிரத்து இருநூறாக்கினேன்.
பெர்னார்டு முனகிக்கொண்டே குழாயை நகர்த்தினான்.
குரங்குக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை,
குறிப்பில் எழுதிவைத்தேன்.
ஆர்க்கிடெக்ட் அதை அடித்துவிட்டார்.
மஞ்சள் பெட்டியையும்
பிரிண்டில் மறைக்கச் சொன்னார், அசிங்கமாக இருக்கிறதாம்.
மறைத்தேன். அழிக்கவில்லை.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
எதிர்ச் சரிவின் தேயிலை போனது,
ரோடு போனது, ஜன்னல் கம்பி வரை மூடுபனி.
வெளிச்சம் என்று இருப்பது
திரையில் இந்தக் கூரை மட்டும்.

கட்டி முடித்து ஏழெட்டு வருஷம் கழித்து
ஒரு ராத்திரி, கீழே மேஜையில்
யாரோ மயக்கத்தில் கிடக்கும்போது
ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.
ஒருவன் ஏறி வருவான்.
இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறானோ என்னவோ.
முழங்கால் போடுவான்.
முதுகு சுவரில் இடிக்காது.
இடிக்கவில்லை என்பது அவன் நினைவிலேயே வராது,
குளிரைத் திட்டிக்கொண்டு ஸ்குரூவைத் தேடுவான்.

சேவ் கொடுத்திருக்கிறேன்.
நீலக் கோடு முக்கால்வாசியில் நிற்கிறது.
மேஜைக்கு அடியில் யு.பி.எஸ்
இரண்டாவது தடவை கத்துகிறது.
போ, போ என்கிறேன்.