நாற்பது

ஆயிரத்து நூற்றுப் பதினேழு வரிகள்.
மூன்று வார வேலையை ஒரே மூட்டையாகக் கட்டி
வெள்ளி மாலை அனுப்பினேன்.
ஓட்வார் உடனே திருப்பிவிட்டார்:
"இது மாற்றமில்லை, குன்வோர். வீடு மாற்றம்.
பிரித்துக் கொண்டு வா."

பெர்கனில் மழை. அது செய்தியல்ல.
அலுவலகத்தில் நானும் ஈர மேலங்கிகளின் வாடையும்.
கீழே துறையில் கடைசிப் படகு
வாய் திறந்து கார்களை விழுங்கிக்கொண்டிருந்தது.
அந்த வாயை மூடும் நிரலைத்தான்
மூட்டை கட்டியிருந்தேன்.

அவிழ்த்தேன்.
கருவி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக் கேட்டது.
இது வேண்டுமா?
வேண்டும்.
இது?
இப்போது வேண்டாம்.
இது?
பிள.
பிளந்தது. பிளந்ததைக் காட்டி மறுபடி கேட்டது.
அதற்குச் சலிப்பே இல்லை.

இடைவெளி சீராக்கிய முந்நூறு வரி ஒரு பக்கம்.
பெயர் மாற்றங்கள் இன்னொரு பக்கம்:
எவரோ 'தற்காலிகம்' என்று பெயரிட்டுப் போய்
பதினொரு வருடம் உழைத்த மாறிக்கு
இப்போதுதான் நிரந்தரப் பெயர்.
'இங்கே வந்தேன்', 'இங்கேயும் வந்தேன்' என்று
வழிநெடுக நான் கிறுக்கிவைத்தவை குப்பைக்கு.
கதவைப் பற்றியவை
ஒன்பதே வரிகள்.
மூன்று வாரத்துக்கு ஒன்பது. கொஞ்சம் வெட்கமாயிருந்தது.

பத்தரைக்கு ஒரு வரி மல்லுக்கு நின்றது.
பிள என்றேன்.
மன்னிக்கவும், இதற்கு மேல் பிளக்க முடியாது.
ஒரே வரி.
முன்பாதியில் பெயரைத் திருத்தியிருந்தேன், சரி.
வால்நுனியில்
நாற்பது இருந்த இடத்தில் நான்கு.

கடைசி ஆள் ஏறட்டும் என்று
கதவு காத்திருக்கும் விநாடிகள் அவை.
சோதனைக்காகத் தினம் அறுபது தடவை
நாற்பது எண்ண மாட்டாமல்
நான்தான் சுழியைத் தின்றிருக்கிறேன்.
தின்றதை மறந்தும்விட்டேன்.

ஆயிரத்து நூற்றுப் பதினேழு வரிகளில் ஒரு சுழி.
ஓட்வார் கண்ணில் பட்டிருக்குமா?
அவரிடம் கேட்கப்போவதில்லை.

கருவி கைவிட்ட இடத்தில் கையால் பிரித்தேன்.
பெயர் போனது.
நான்கை அழித்து நாற்பதை உட்காரவைத்தேன்.

திங்கள் காலை, ஏழு துண்டுகளையும்
காப்பி ஆறுமுன் படித்து முடித்தார் ஓட்வார்.
பெயர் மாற்றத் துண்டில் மட்டும்
ஓரமாக ஒரு கேள்வி:
"அதுசரி, ஏன் நாற்பது?"

தெரியவில்லை.
குடை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.
கையில் கடிகாரம்.
ஊன்றுகோலும் நாயுமாக ஒருவர்
சாய்தளம் ஏறி உள்ளே மறைய
நாற்பத்து மூன்று.