தொகை எழுதிய பக்கம்

விருந்தில் தந்த காசோலை ஆறடி அட்டை.
காருக்குள் நுழையவில்லை.
தண்டர் பே நகரத்து ஜனவரிப் பனியில்
நானும் கணக்கர் ரெய்யோவும்
முன்னும் பின்னுமாய்த் தூக்கி நடந்தோம்,
பாடை போல. இருவருக்கும் தோன்றியது,
இருவரும் சொல்லவில்லை.

நாலு லட்சம் டாலர்.
மேடையில் நான் சொன்ன நோயாளி கதைக்கு
மர ஆலை முதலாளி அழுதார்.
அவள் அனுமதி தந்த கதைதான்.
ஆனாலும் ஓரிடத்தில் மூச்சை நிறுத்தினேனே,
அது பழகிய நிறுத்தம்.

வெள்ளிக்கிழமை ஊழியர்களின் கர்லிங் போட்டி.
புள்ளி எழுதப் பலகை இல்லையென்று
மருந்தகத்து இல்மா காசோலையைத் திருப்பிப் போட்டாள்.
கதிர்வீச்சுப் பிரிவு ஏழு. இரவுத் தாதியர் ஒன்பது.
எல்லாரையும் தோற்கடித்த துப்புரவு அணி பதினொன்று.
அடியில், தனியாக, டார்லா: மூன்று.

கீமோ அறையில் பதினெட்டு வருடம் ஊசி போட்டவள்.
இப்போது அங்கேயே நான்காம் நாற்காலி.
"அவளுக்காகக் கல்லைத் தள்ளியது யார்?"
"முறை வைத்து," என்றாள் இல்மா,
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி.

பணம் வங்கிக்குப் போய்விட்டது.
அட்டையை எறிந்துவிடவா என்று
இன்று காலை கேட்டார்கள்.
இருக்கட்டும் என்றேன்,
தொகை எழுதிய பக்கம்
சுவரைப் பார்த்தபடி.