பாதிக் கடல்

ஹாப்சாலுவில் மின்சாரம் போய்த் திரும்ப
நாலு நொடி ஆனது.
அந்த நாலு நொடிக்குள்தான்
‘சேமி’யை அழுத்தியிருந்தேன்.

திறந்தால், கோப்பில் பாதிக் கடல்.
ஆறாயிரத்துச் சொச்சம் கட்டம் வரை பனி,
பிறகு ஒரு காற்புள்ளி,
காற்புள்ளிக்கு அப்பால் ஒன்றுமில்லை.
தீவு இருந்த பக்கம் முழுக்கப் போயிற்று.

பகலில் பல்செட்டுக்கு மெழுகு வார்க்கிறேன்.
இரவில், எவரும் காசு தராத ஒரு விளையாட்டு:
உறைந்த கடல்மேல் வேன் ஓட்டி
ஹியுமா தீவில் தபால் சேர்க்க வேண்டும்.
சீட் பெல்ட் போடக் கூடாது.
மெதுவாய்ப் போகலாம், விரைந்தும் போகலாம்,
இரண்டுக்கும் நடுவே போனால்
அடியில் அலை எழும்பிப் பனி உடையும்.

கட்டத்துக்கு ஓர் எண், பனியின் தடிமன்.
எண்கள் மேலிக்கே தந்தவை.
அவள் நிஜமாகவே தபால் வேன் ஓட்டுகிறவள்,
கணினியில் அவளுக்குத் தெரிந்தது
நோட்பேட் மட்டும்.
செவ்வாய்க்கிழமைப் பிரதி அவளிடம் இருந்தது.
மீதிக் கடலை அனுப்பிவைத்தாள்.

இனி இப்படி ஆகக் கூடாது.
ஜேசன் பார்த்தேன். பெயர் ஆள் பெயர்,
குணம் குமாஸ்தா;
ஓரத்தில் ஒரு வார்த்தை கிறுக்க விடாது.
பைனரி வேகம்தான்.
திறந்தால் மேலிக்கேக்குப் புரியாது,
மூன்று மாதம் கழித்து எனக்கும்.
எஸ்க்யூலைட் நல்ல பிடிவாதக்காரன்.
எழுதினால் முழுசாய் எழுதும்,
இல்லையேல் எழுதவே எழுதாது.
கரை சேர்ந்த வேன் தெரியும், கிளம்பாத வேன் தெரியும்,
நடுக்கடலில் நிற்கும் வேன்
அதற்குத் தெரியாது.

அதுவே என்று முடிவு செய்து
அட்டவணைக்கு மாற்ற உட்கார்ந்த இரவில்தான்
அவள் வரிகள் கண்ணில் பட்டன.

# இங்கே நரி. குறுக்கே போனது, அவசரமில்லாமல்.
# 19 என்றுதான் காட்டியது. நம்பாதே, நீரோட்டம்.
# ஆர்வோ வண்டியை மறித்து சிகரெட் கேட்ட இடம்.

எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்று.

போன் செய்தேன்.
‘குறிப்பு’ என்று ஒரு நெடுவரிசை போட்டுவிடுகிறேன்,
எதுவும் தொலையாது என்றேன்.
வைப்பர் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம்.
“நெடுவரிசை வந்துவிட்டால்
எல்லாக் கட்டமும் என்னைக் கேட்கும்.
எனக்குச் சொல்ல இருப்பது அறுபத்தோரு இடத்தில்.
மற்றதெல்லாம் வெறும் பனி.
அங்கே என்ன எழுதுவாய்?”
மதிப்பில்லை என்று எழுதும், தானாகவே, என்றேன்.
“பனிக்கா?” என்றாள்.

மூன்று மணிக்கு எழுந்து தேநீர் போட்டேன்,
குடிக்கவில்லை.
அவள் அளந்தது அவள் கோப்பிலேயே இருக்கட்டும்.
ஆட்டம் தொடங்கும்போது ஒரு தரம் படித்தால் போதும்.
ஆடும்போது உருகுவது, விரிசல் விடுவது,
எந்த வேன் எந்த நாள் மூழ்கியது என்பது
தரவுத்தளத்துக்குப் போகட்டும்.
முதல் நாளே தோன்றியிருக்க வேண்டியது.
எழுதி வைத்ததையும் நடந்துபோனதையும்
‘தரவு’ என்று ஒரே பேரில்
கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சேமிக்கும் நேரம் பார்த்து
பிளக்கைப் பிடுங்கினேன், ஐந்து முறை.
ஐந்து முறையும் கடல் முழுசாய் இருந்தது.

ஆறாவது முறை நான் பிடுங்கவே இல்லை,
அதுவாக நின்றது.
பிழை, வரி 7112.
மாலையில் மேலிக்கே சேர்த்திருக்கிறாள்:

# இந்த வருடம் பாதை திறக்காது என்கிறார்கள்.
# போய் அளக்கவில்லை. எண் போடாமல் விடுகிறேன்.

இன்னும் சரிசெய்யவில்லை.
சுழியம் போட்டால் தண்ணீர் என்று ஆகிவிடும்.
அந்தக் கட்டத்துக்குள் ஒரு வேன் வந்தால்
என்ன நடக்க வேண்டும் என்று
அவளைத்தான் கேட்க வேண்டும்,
காலையில், அவள் ஷிப்ட் முடிந்ததும்.