மாறுகண் கிளிகள்

பால்மரங்கள் இலை கொட்டும் மாதம்.
பகாவ் பேருந்து நிலையத்துத் தார்
செருப்போடு வருகிறது.
இந்த வெயிலில்
இந்திராவதி துணிக்கடைக் கண்ணாடியில் ஒரு தாள்:
ஒட்டுப்போர்வைப் போட்டி. ஆறு வாரம்.
புதுத்துணி வாங்கக்கூடாது.
நிபந்தனை ஒன்று உண்டு.

நிபந்தனை அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது.
கடுகு நிறம், மேலே பழுப்புக் கிளிகள்,
ஒவ்வொரு கிளிக்கும் கொஞ்சம் மாறுகண்.
பதினோரு தீபாவளி, பதினோரு நோன்புப் பெருநாள்,
சீனப் பெருநாளையும் சேர்த்தால்
முப்பத்துமூன்று தள்ளுபடியிலும்
விலைபோகாத சுருள்.
ஆளுக்கு ஒரு முழம் இலவசம்.
போர்வையின் முகத்தில் அது தெரிந்தே ஆகவேண்டும்.
பின்பக்கம் ஒளித்தால் ஆட்டம் அவுட்.

"இந்த வேகாட்டில் யாருக்குப் போர்வை?" என்றான்
எதிரே செண்டோல் விற்கும் ரபீக்.
சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தவள்
நிமிரவில்லை.

பத்தொன்பது பேர் சேர்ந்தோம்.
ஆலையில் நான் எடைப்பாலக் குமாஸ்தா.
செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிக்கு
என் ரசீதில் தகராறே வந்ததில்லை.
கால் அங்குலத் தையல் விளிம்புதான்
பிடிபடவில்லை.
முதல் கட்டம் பன்னிரண்டு அங்குலம்,
இரண்டாவது பன்னிரண்டே கால்,
மூன்றாவதை அளக்கவில்லை.
நாலு மூலை கூடும் இடத்தில்
ஒவ்வொன்றும்
சொத்துப் பிரித்த பங்காளி மாதிரி
ஒதுங்கி நின்றது.
பிரித்தேன். தைத்தேன். பிரித்தேன்.
துணி கொசுவலையானது.

ரொஹானி அக்கா கிளிகளின் தலையை வெட்டிவிட்டு
வால்களைச் சேர்த்து லாலாங் புல்லாக்கினாள்.
மெய் ஃபூங் துணியைத் தேநீரில் ஊறப்போட்டு
நிறத்தைக் கொல்லப் பார்த்தாள்;
கிளிகள் இன்னும் உற்சாகமாயின.
பள்ளி விடுமுறைக்கு வந்த யாழரசி,
வயது பதினாலு, வாயே ஒரு கத்தரி,
கண்களை மட்டும் வெட்டி
ஜோடி மாற்றித் தைத்தாள்.
"இப்போ நேராப் பாக்குது பாருங்க."

தேவசகாயம் வந்தது மூன்றாம் வாரம்.
முன்பு இரவுக் காவல் வேலை.
எங்களில் ஒரே ஆண். மிஷின் வேண்டாம்,
ஊசி போதும் என்றார்.
இடது முன்கையில் நரம்பு
கயிறாகத் திரண்டிருந்தது.
"தொட்டுப் பாருங்க."
தொட்டேன்.
உள்ளே ஒரு தையல் மிஷின்
நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்கு மேல்மாடிதான் சிறுநீரக நிலையம்.
செவ்வாய், வியாழன், சனி. நாலு மணி நேரம்.
"கீழ நீங்க வேர்த்துக் கொட்டுறீங்க.
மேல, வெளிய போன ரத்தம் திரும்புறப்போ
ஐஸ் தண்ணி மாதிரி வருதும்மா.
ஏர்கோன் வேற பதினெட்டுல.
போர்வை இருக்கு. ஆனா கை வெளிய தெரியணும்.
இழுத்துப் போத்துனா நர்ஸ் திட்டுவாங்க."

அவர் தைத்ததில் நட்சத்திரம் இல்லை.
நீள்கட்டங்கள், மரம் வெட்டும் நிரை மாதிரி.
இடப்பக்கம் ஒரு சன்னல்,
கை நுழையும் அளவு ஓட்டை.
அதன் விளிம்பைச் சுற்றி மாறுகண் கிளிகள்.
"ஓட்டை எங்கேன்னு தூரத்துலேயே தெரியணும்ல.
இதுக்கு இந்தத் துணிதான்."

இந்திராவதி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.
அதன்பிறகு பரிசுப் பேச்சு எடுபடவில்லை.
பாதியில் விதியை மாற்றுவதா என்று
மெய் ஃபூங் ஒருநாள் கோபித்துக்கொண்டாள்.
தைத்து முடித்த நடுவில் கத்தரி வைப்பது லேசில்லை.
மறுநாள் அவளே வந்து கேட்டாள்:
"எல்லாருக்கும் இடது கையா?"
யாரும் யோசிக்கவில்லை.
யாழரசி மாடியேறி எண்ணி வந்தாள்.
பதிமூன்று இடது. நாலு வலது.
ஒருவருக்குக் கழுத்தில்.

என்னுடையதைச் சாப்பாட்டு நேரத்தில்
லோரி இல்லாத எடைப்பாலத்தின் நடுவே
மடித்து வைத்தேன்.
திரை அசையவில்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
ஆனாலும் ரசீது அடித்தேன்.
சரக்கு: போர்வை, ஒன்று.
நிகர எடை: பூஜ்யம்.

கழுத்துக்கு எப்படி வெட்டுவதென்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.
கிளித்துணி இரண்டு கஜம் மீதமிருக்கிறது.