பற்றுப் பக்கம்

எம்-டூ. மூன்றாவது முறையாக எழுதப் போகிறேன்.
பகலெல்லாம் செக்காலை ரோட்டில்
வயர், சுவிட்ச், எல்இடி பல்பு விற்கிறேன்.
மீட்டர் பதினெட்டு ரூபாய், முப்பத்தேழரை மீட்டர் என்றால்
வாய் தானாகச் சொல்லிவிடும்:
அறுநூற்று எழுபத்தைந்து.
அதே வாய்தான்
தேர்வறையில் உலர்ந்து போகிறது.

முதல் இரண்டு தடவையும் என்ன செய்தேன், சொல்கிறேன்.
கைடு வாங்கினேன். விடைகளை
செய்யுள் மாதிரி நெட்டுரு போட்டேன்.
மஞ்சள் மார்க்கர் பூசினேன், பக்கம் முழுக்கப் பூசியதில்
எது முக்கியம் என்பதே மறைந்துபோனது.
வினாத்தாளில்
மூன்று இருந்த இடத்தில் ஐந்து வைத்திருந்தார்கள்.
அவ்வளவுதான்.
மூன்று மணி நேரம் ஃபேன் சுற்றுவதைப் பார்த்தேன்.

"என் மண்டையில ஏறாதுடி" என்று
ரஹ்மத் நிஷாவிடம் போனில் அழுதேன்.
அவளுக்கும் அதே அரியர். அழ விடவில்லை.
"புத்தகத்த மூடு.
மொத வரியிலேருந்து ரெண்டாவது வரிக்கு
எப்படி வந்தே, அத மட்டும் சொல்லு."
சொல்ல வரவில்லை.
கேட்டவளுக்கும் தெரியவில்லை.
ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே
இத்தனை பெரிய பள்ளம்.
கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறோம்,
இரண்டு வருடமாக.

அன்று இரவு ஒன்பதாம் வகுப்புக்கு இறங்கினேன்.
தம்பியின் புத்தகம். கூச்சமாகத்தான் இருந்தது.
அடைப்புக்கு வெளியே ஒரு கழித்தல் நின்றால்
உள்ளே இருப்பதெல்லாம் ஏன் குணம் மாறுகிறது?
ஒருவன் கடனைக் கழித்துவிட்டால்
அவன் கையில் காசு வைத்த மாதிரி என்று
கடையில் எனக்குத் தெரியும்.
அதேதான் இது என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

கடையில் ஒரு பழைய பேரேடு கிடந்தது, பாதி காலி.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.
பற்றில் என் தப்புகளை ஏற்றினேன்.
தை 22: குறியை விழுங்கிவிட்டேன்.
தை 25: கேள்வியைப் பாதிதான் படித்தேன்.
தை 29: சூத்திரம் சரி, இந்தக் கணக்குக்கு அது இல்லை.
மூன்று நாள் விட்டு ஒருமுறை,
பத்து நாள் விட்டு இன்னொருமுறை,
பார்க்காமல் போட்டு விடை வந்தால்தான் வரவு.
மாசிக் கடைசியிலும் பற்றுதான் நீளம்.

வகையீடு மட்டும் வசப்படவே இல்லை.
பள்ளத்தூர் பஸ் ஊருணியோரம் திரும்பும்போது
தண்ணீருக்கு மேல் தெரியும் படிகளை எண்ணுவேன்,
வேறு வேலை இல்லாமல்.
மாசியில் பத்து நாளைக்கு ஒரு படி இறங்கிய தண்ணீர்
பங்குனியில் ஏழு நாளில் இறங்கியது.
சித்திரையில் நாலே நாள்.
தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது ஒரு கேள்வி.
என்ன வேகத்தில் இறங்குகிறது என்பது வேறு.
அந்த வேறுக்குத்தான் இத்தனை நாள்
பெயர் மட்டும் தெரிந்து வைத்திருந்தேன் என்று
விளங்கியபோது என் நிறுத்தம் தாண்டிவிட்டது.
திரும்பி நடக்கும்போதே நிஷாவைக் கூப்பிட்டேன்.
கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"அந்த வேகமே மாறுதே, அதுக்கு என்னடி பேரு?"
வெயிலில் நின்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓடி வந்தது
என்று எழுத ஆசைதான்.
மறுநாள் பத்துக் கணக்கில் ஆறு தப்பு.
ஏற்றினேன், தேதி போட்டு.

இன்று தேர்வு.
நாலாவது கேள்வியைப் படித்ததும் நெஞ்சை அடைத்தது.
என்ன தந்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று
ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதினேன்.
ஒரு படம் வரைந்தேன், கோணலாக.
ஐந்து வரி போனேன். ஆறாவதில் வழி நின்றுவிட்டது.
ஃபேன் சுற்றியதா என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு
பேரேட்டைத் திறந்தேன்.
ரிசல்ட் வரும்போது வரட்டும்.
சித்திரை 27.
நாலாவது கேள்வி, ஆறாவது வரி.
பற்று: