நாலு உயிர்ப்புள்ளி

தடைக்காலம். அறுபத்தொரு நாள்
படகெல்லாம் கட்டுக்கயிற்றில் மூக்கோடு மூக்கு உரசும்.
தங்கச்சிமடத்தில், ஐஸ் கம்பெனி மாடியில்
பாய் விரித்து நாங்கள் ஒரு ராஜ்யம் நடத்துகிறோம்.
டல்வின் வாள்வீரன். ரிஃபாயா மந்திரக்காரி.
ஆள் பத்தாததால்
முனீஸ் திருடனும் அவனே, பூசாரியும் அவனே.
மீதி உலகம் முழுக்க நான்:
மலை, மழை, டிராகன், அரசி,
அரசியின் நாய்.

வீரர்களுக்குச் சாயம் பூசிய பொம்மை உண்டு,
பார்சலில் வந்தது, ஒன்று முந்நூற்றைம்பது ரூபாய்.
டிராகனுக்கு அக்கா மகனின் ரப்பர் உடும்பு.
ஊர் ஜனத்துக்குப் புளியங்கொட்டை.
ஒரு கை அள்ளிப் போட்டால் சந்தை.
வாயால் ஊதினால் பஞ்சம்.

விதிப்புத்தகத்தில் இருக்கிறது:
சாதாரண ஆளுக்கு நாலு உயிர்ப்புள்ளி.
பூனை நாலு தடவை பிறாண்டினால் முடிந்தது.
பேர் வேண்டாம், முகம் வேண்டாம்,
வழி கேட்டால் கை காட்டத் தெரிந்தால் போதும்.

மூன்றாவது வாரம் டிராகன் வந்து துறையை எரித்தது.
ஒன்பது கொட்டைகளை
முழங்கையால் ஒதுக்கிவிட்டு
டல்வின் டீ கிளாஸை வைத்தான்.
"துரத்தணும். ஓடத்துல ஏறுங்க."
வெளியே கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தட்டியது.

ரிஃபாயா ஏறவில்லை.
நாள் முழுக்க மருந்துக்கடையில்
கோழிக்கிறுக்கல் சீட்டுகளிலிருந்து
பேரைக் கண்டுபிடித்துக் கூப்பிடுகிறவள் அவள்.
"ஓடக்காரரே, உங்க பேரென்ன?"

என் தாளில் டிராகனின் பாட்டன் பேர் இருந்தது,
அந்தப் பாட்டனுக்குப் பாட்டன் பேரும்.
ஓடக்காரனுக்கு நேரே வெறும் கோடு.
"சந்தியாகு" என்றேன், வாயில் வந்ததை.
சிரித்தார்கள்.
ஏழு நிலா காயும் ராஜ்யத்தில் ஒரு சந்தியாகு!

"சந்தியாகு அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்?"
புதையல், பழி, தொலைந்த மகுடம்,
எதையாவது சொல்லியிருக்கலாம்.
செருமினேன். குரல் தானாக ஏறிக்கொண்டது,
உப்பும் பீடியும் கலந்து:
"முந்தின வாரக் கூலி இன்னும் வரல தாயி.
அதக் குடுத்துட்டு ஏறுங்க."

வீரர்களிடம் ஆயிரம் பொற்காசு. சில்லறை இல்லை.
முனீஸ் பேரம் பேசினான். மிரட்டினான்.
இருபது முகப் பகடையை உருட்டினான், பதினேழு விழுந்தது.
சந்தியாகு பயந்தார். பயந்துகொண்டே
துடுப்பை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்,
நாலே நாலு புள்ளியோடு.
ராத்திரி பதினொன்றரை வரை டிராகன்
பாய் ஓரத்தில் குப்புறக் கிடந்து காத்திருந்தது.

அன்றைக்கு எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.
அடுத்த வாரம் கொட்டைகளுக்கு மார்க்கரில் அடையாளம் வைத்தேன்.
ஒருவருக்குச் சொத்தைப்பல். ஒருத்திக்கு வரப்பு வழக்கு.
இன்னொருவனுக்கு ஒன்றுமில்லை,
தீயை வேடிக்கை பார்க்க வந்தவன்.

தடை முடிந்தது. விடிகாலை மூன்று மணி.
டோக்கன் ஜன்னலில் டல்வின்.
உள்ளிருந்து, நிமிராமல்: "படகு நம்பர்?"
சொன்னான். நகர்ந்தான்.

ஐஸ் அரைக்கும் மெஷின் மறுபடி கத்தத் தொடங்கியது.
கீழே நான் பில் போடுகிறேன்:
படகு எண், எத்தனை பார், பாக்கி எவ்வளவு.
ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு
கொக்கியால் பாரை இழுத்து வந்தவர்
மேஜையோரம் நின்று செருமினார்.
"கணக்கரே, தடைக்கு முந்தின வாரக் கூலி இன்னும் வரல."

உப்பு. பீடி.
எட்டு வருஷமாக
என் காதில் விழுந்துகொண்டிருக்கும் குரல்.
நோட்டைப் பின்னால் புரட்டினேன்.
'லோடு ஆள் மூணு' என்றிருந்தது,
என் கையெழுத்தில்தான்.

"அண்ணே, உங்க பேரென்ன?"

கொக்கி நின்றது. ஐஸ் தரையில் சொட்டியது.
அவர் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை.
பிறகு என் விரலிடுக்கில் திறந்திருந்த பேனாவை.
"எதுக்குக் கேக்குறீக?" என்றார்.